கூண்டு ஏற்றினால் போதுமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் பத்திரிகையின் ஒரு மூலையில் ஒரு சிறு செய்தி தவறாமல் வந்துவிடும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது. கடலூரில், நாகப்பட்டினத்தில், பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். மூன்றே வரி! விலைவாசிச் செய்திக்கும் சினிமா விளம்பரத்துக்கும் இடையே அது அடங்கிக் கிடக்கும். நாமும் படிக்கிறோம், பக்கத்தைப் புரட்டுகிறோம், தேநீரைக் குடித்துவிட்டு ஆலைச் சங்கு ஊதுமுன் வேலைக்கு ஓடுகிறோம்.

அந்த மூன்று வரிக்குள் எத்தனை வீட்டின் அடுப்பு அடங்கியிருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கூண்டு ஏறிவிட்டது, சரி. அந்தக் கூண்டு யாருக்காக ஏறுகிறது? அதன் செய்தி, கரையிலிருந்து நூறு மைலுக்கு அப்பால் வலை இழுத்துக் கொண்டிருப்பவன் காதில் விழுகிறதா? விழுந்தாலும், அதன்படி நடக்க அவன் வயிறு இடம் கொடுக்கிறதா? இந்த மூன்று கேள்விகளைத்தான் தோழர்களின் முன் இன்று வைக்கிறோம்.

கப்பலுக்காகப் பிறந்த கூண்டு

புயலை எதிர்பார்த்து எச்சரிக்கும் ஏற்பாடு இந்த நாட்டில் எப்படித் தோன்றியது? அந்த வரலாறு கல்கத்தாவில் தொடங்குகிறது.

ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர் அந்த நகரில் உத்தியோகம் பார்த்தவர். புயலில் சிக்கித் தப்பிவந்த கப்பல்களின் குறிப்பேடுகளை ஒன்றுவிடாமல் திரட்டினார். காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது, எப்போது திரும்பியது என்று வரைந்து வைத்தார். சுருண்ட பாம்பைப் போல் காற்று வட்டமாகச் சுழல்கிறது என்பதைக் கண்டு, அதற்குக் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்று பெயர் சூட்டினார். 1848-இல் அவர் எழுதிய மாலுமிகளுக்கான நூலின் வழியாக அந்தப் பெயர் உலகெங்கும் பரவிற்று. இன்று எல்லா மொழிக்காரரும் வழங்கும் அந்தச் சொல் நமது வங்கக் கடலின் ஓரத்தில் பிறந்தது.

அக்காலத்தில் கல்கத்தாவுக்குத் தெற்கே, மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் ஒன்று அமைக்க வெள்ளைக்கார சர்க்கார் திட்டமிட்டது. பிடிங்டன் 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்குக் கடிதம் எழுதினார். அந்த இடம் புயலுக்கு நேர்வழியில் இருக்கிறது, கடல் எழுந்து ஊரையே மூழ்கடிக்கும் என்று எச்சரித்தார். செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று அது. கானிங் என்று பெயரிட்டு, பணத்தைக் கொட்டித் துறைமுகத்தைக் கட்டினார்கள். 1867-இல் புயல் வந்தது, துறைமுகம் சிதைந்தது. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். எச்சரித்தவர் அதற்கு முன்பே, 1858-இல் காலமாகிவிட்டார்.

இதற்கு நடுவே, 1864 அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவையே ஒரு பெரும்புயல் தாக்கிற்று. மாண்டவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். ஹூக்ளி ஆற்றில் நின்ற கப்பல்கள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின. மறு ஆண்டே, 1865-இல், கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்துவிட்டது! 1875-இல் வானிலைத் துறையே அமைக்கப்பட்டது. 1886-க்குள் ஏனைய துறைமுகங்களுக்கும் எச்சரிக்கை முறை பரவிற்று.

ஐம்பதாயிரம் குடிசைவாசிகள் மாண்டதற்காக மட்டும் இவ்வளவு வேகம் காட்டியிருப்பார்களா? சணலும் அபினியும் தேயிலையும் ஏற்றிச் செல்லும் கப்பல்கள் உடைந்தன, வணிகர்கள் கூக்குரலிட்டார்கள், கூண்டு ஏறிற்று. இதைக் குறை சொல்வதற்காகக் கூறவில்லை. கப்பலைக் காப்பதும் தேவையான காரியந்தான்; கப்பலிலே வேலை செய்பவனும் தொழிலாளிதான். ஆனால், துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பிறந்த முறை அது என்பதை மறந்துவிடக் கூடாது. கொடிமரத்தின் உச்சியில் பகலிலே கூம்பும் உருளையும், இரவிலே சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளும் தொங்கும். துறைமுகத்துக்குள் இருப்பவன் பார்ப்பான். தொடுவானத்துக்கு அப்பால் இருப்பவன் எதைப் பார்ப்பான்?

எண்களின் பொருள்

கூண்டு எண்களைப் பற்றி ஊரிலே பேச்சு எழும்போது, எண் பெரிதானால் ஆபத்தும் பெரிது என்று மட்டுமே நம்மில் பலர் சொல்கிறோம். அதன் விவரத்தையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டால்தான் மற்றவர்க்குச் சொல்ல முடியும்.

எண்கள் மொத்தம் பதினொன்று. ஒன்றும் இரண்டும் தொலைவான ஆபத்தைச் சொல்பவை. கடலின் நடுவே கொந்தளிப்பு, துறைமுகத்துக்கு இப்போதைக்கு இடையூறு இல்லை. மூன்றும் நான்கும் ‘நமது துறைமுகத்துக்கே வரக்கூடும்’ என்பவை. ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை ஆபத்துக் கூண்டுகள். துறைமுகத்தைத் தன் இடப்புறத்தில் விட்டுவிட்டுப் புயல் கரையைக் கடக்குமானால் ஐந்து. வலப்புறத்தில் விட்டுவிட்டுக் கடக்குமானால் ஆறு. துறைமுகத்தின் மேலாகவோ மிக அருகிலோ கடக்குமானால் ஏழு. எட்டு, ஒன்பது, பத்து என்பவை இதே மூன்று நிலைகளைக் கடும்புயலுக்குச் சொல்லும் பேராபத்துக் கூண்டுகள். பதினொன்று? வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று பொருள்.

அதென்ன இடப்புறம், வலப்புறம் என்று கேட்கலாம். அதற்கு விடை புயலின் உடலமைப்பில் இருக்கிறது.

கடலின் கணக்கு

புயலுக்கு உணவு வெந்நீர். கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ இருபத்தாறரை டிகிரிக்கு மேல் சூடேறியிருந்தால்தான் அது பிறந்து வளரும். சூடான நீர் ஆவியாகி மேலே எழுகிறது. மேலே குளிர்ந்து மழைத்துளியாகும்போது, தான் கொண்டுபோன வெப்பத்தை அங்கே கொட்டுகிறது. காற்று மேலும் எழுகிறது. காலியான இடத்தை நிரப்பச் சுற்றிலுமுள்ள காற்று ஓடிவருகிறது. பூமி சுழல்வதால் ஓடிவரும் காற்று நேராக வராமல் வளைகிறது, வளைந்து சுழல்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஐந்து டிகிரிக்குள் இந்த வளைவுக்கு வலிமை போதாது. ஆகவே அங்கே புயல் பிறப்பது மிக அரிது. தரையேறிவிட்டால் வெந்நீர் கிடைக்காமல் புயல் தளர்ந்து போகிறது.

நமது பக்கத்தில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, புயல் எப்போதும் இடஞ்சுழியாகவே சுழலும். வங்கக் கடலிலிருந்து அது மேற்கு நோக்கி நம் கரையை ஏறும்போது, கடக்கும் இடத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கும். கடல்நீரை வாரி ஊருக்குள் தள்ளும். தெற்கே உள்ள ஊர்களிலோ காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும். ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். புயலின் நடுக்கண் ஊருக்கு மேலே வந்தால் திடீரென்று காற்று அடங்கும், வானம் வெளுக்கும். போய்விட்டது என்று நம்பி வெளியே வந்தவனைச் சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று அறையும். புயலில் மாண்டவர்களில் இப்படி ஏமாந்தவர்களும் உண்டு.

வானிலை அறிக்கையில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு இருக்கிறது. காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோ மீட்டர் வரை இருந்தால் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். 89-ஐத் தொட்டால் கடும்புயல். இந்த எண்களைப் பார்த்து ‘முப்பதுக்கும் அறுபதுக்கும் இரண்டு மடங்குதானே’ என்று எண்ணிவிடக் கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் அடியின் வலிமை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு!

அலைக்கும் கணக்கு உண்டு. காற்று எவ்வளவு வேகமாக, எத்தனை மணி நேரம், எவ்வளவு நீண்ட நீர்ப்பரப்பின்மேல் அடிக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தே அலையின் உயரத்தை முடிவு செய்கின்றன. அறிக்கையில் ‘மூன்று மீட்டர் அலை’ என்று வந்தால் எல்லா அலையும் மூன்று மீட்டர் என்று பொருளல்ல. எழும் அலைகளில் உயரமான மூன்றிலொரு பங்கை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரியைச் சொல்வதே வழக்கம். அந்தக் கடலிலேயே சில மணி நேரத்துக்குள் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரமான ஒற்றை அலை எழலாம். முப்பதடி ஃபைபர் படகில் நிற்பவனுக்கு அந்த ஒற்றை அலை ஒன்றே போதும்.

காற்றே இல்லாமல் வரும் அலையும் உண்டு. தென்கோடிப் பெருங்கடலில் வீசிய புயற்காற்று எழுப்பிய நீண்ட அலைகள், ஆயிரக்கணக்கான மைல் கடந்து, சில நாட்களுக்குப் பிறகு குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் வந்து ஏறும். வானம் தெளிவாக இருக்கும், இலைகூட அசையாது, கடல் மட்டும் திருடனைப்போல் உள்ளே நுழையும். ‘கள்ளக்கடல்’ என்று மீனவ மக்கள் அதற்கு வைத்த பெயரையே இன்று உலக விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவம் பயின்ற ஐந்து இளைஞர்களை அந்த அலை இழுத்துச் சென்றது. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் எச்சரிக்கையை முன்பே வெளியிட்டிருந்தது. கரையிலே நின்றவர்களுக்குக்கூட அது எட்டவில்லையே!

கொண்டல், வாடை, கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்தவன் நம் மீனவன். முகத்தில் படும் காற்றை வைத்தே நாளைய கடலைச் சொல்லக் கூடியவன். அந்த அறிவை ஏளனம் செய்கிறவன் கடலை அறியாதவன். ஆனால் ஐந்நூறு மைலுக்கு அப்பால் பிறந்து, ஓர் இரவுக்குள் வீரியம் கொள்ளும் புயலை முகத்தில் படும் காற்று முன்கூட்டிச் சொல்லிவிடாது. அதற்கு விண்கோள் வேண்டும். வானிலை நிலையம் வேண்டும். அங்கிருந்து படகுக்குச் செய்தி வேண்டும்.

செய்தி எட்டிய ஊரும் எட்டாத ஊரும்

செய்தி எட்டாவிட்டால் என்ன நேரும் என்பதைத் தனுஷ்கோடி நமக்குக் காட்டிற்று. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுமந்துகொண்டு பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கிற்று. சைகை விளக்கு எரியவில்லை. ரயில் முன்னே நகர்ந்தது. கடல் எழுந்து வந்து அத்தனை பெட்டிகளையும் விழுங்கிற்று. ஒருவர்கூட மீளவில்லை. ஊரும் போயிற்று, இன்று இடிந்த சுவர்களே சாட்சி.

ஆறாண்டு கழித்து, 1970 நவம்பர் 12-ஆம் நாள், இதே கடலின் வடகோடியில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் பேரழிவு நேர்ந்தது. மாண்டவர்கள் மூன்று இலட்சம் என்றும் ஐந்து இலட்சம் என்றும் சொல்கிறார்கள். எண்ணி முடிக்கக்கூட ஆள் மிஞ்சவில்லை. புயல் வருவது தெரியாமலா போயிற்று? விண்கோள் அதைப் படம் பிடித்திருந்தது. வானொலியும் ஏதோ சொல்லிற்று. ஆனால் எத்தனை பெரிய அலை வரும், எங்கே ஓட வேண்டும் என்ற விவரம் தீவுகளிலே வயலில் படுத்திருந்த ஏழைக்குப் புரியும்படி போய்ச் சேரவில்லை. ஓடிப்போக மேடும் இல்லை.

அந்த நாடு பாடம் கற்றது. வங்காள தேசம் பிறந்தபின், 1972-இல், செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து தொண்டர் படை ஒன்றை அமைத்தார்கள். எச்சரிக்கை ஏற ஏற ஒரு கொடி, இரு கொடி, மூன்று கொடி என்று ஏற்றுவது, கையில் ஒலிபெருக்கியோடு குடிசை குடிசையாகப் போவது, கிழவர்களையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு மேட்டிலுள்ள புகலிடத்துக்கு ஓடுவது, இவைதான் அவர்களுடைய வேலை. எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1991-இல்கூட ஏறத்தாழ ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பேர் பலியானார்கள். மேலும் புகலிடங்களைக் கட்டினார்கள். மேலும் தொண்டர்களைத் திரட்டினார்கள். 2007-இல் ‘சிதர்’ என்ற கடும்புயல் வந்தபோது பலி மூவாயிரத்துச் சில்லறை. அதுவும் பெருந்துயரம்தான், ஆனால் இலட்சம் எங்கே, ஆயிரம் எங்கே! இன்று அந்தத் தொண்டர்கள் ஏறத்தாழ எழுபத்தாறாயிரம் பேர். அவர்களில் பாதிப்பேர் பெண்கள்.

நம் நாட்டிலும் அதே கதைதான். ஆந்திரத்தின் திவி சீமையில் 1977 நவம்பர் 19-ஆம் நாள் கடல் புகுந்து ஏறக்குறையப் பத்தாயிரம் பேர் மாண்டார்கள். ஒரிசாவில் 1999 அக்டோபர் 29-ஆம் நாள் மணிக்கு 260 கிலோ மீட்டர் வேகக் காற்று. மீண்டும் ஏறத்தாழப் பத்தாயிரம் உயிர். பிறகுதான் அந்த மாநிலம் விழித்துக்கொண்டது. புகலிடங்கள் எழுந்தன, ஊர்தோறும் பயிற்சி நடந்தது. 2013 அக்டோபரில் ‘பைலின்’ புயல் வந்தபோது ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். உயிரிழந்தோர் சில பத்துப் பேர். 2019 மே 3-ஆம் நாள் ‘ஃபானி’ வந்தபோது பன்னிரண்டு இலட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள். மாநிலத்தில் பலி நூறுக்குள்ளே நின்றது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கடல் மாறவில்லை, காற்று இரக்கம் கொள்ளவில்லை. மனிதன் ஏற்பாடு செய்தான், மனிதன் பிழைத்தான். ‘விதி வந்தது, போய்விட்டான்’ என்று சொல்லித் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போகிறவர்களிடம் இந்த எண்களைக் காட்டுங்கள். 1999-இல் பத்தாயிரம் பேருக்கு இருந்த விதி 2013-இல் எங்கே போய் ஒளிந்துகொண்டது?

ஒக்கி கற்பித்த பாடம்

கரையில் இருப்பவனைக் காப்பாற்றும் வழி இவ்வாறு தெரிந்துவிட்டது. கடலில் இருப்பவன் நிலை என்ன? அதற்கு விடை சொன்னது ஒக்கி.

2017 நவம்பர் 29-ஆம் நாள் இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது. மறுநாள் காலையில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. ஒரு நாள் பகல், ஓர் இரவு, அவ்வளவுதான் இடைவெளி! அதற்குப் பல நாட்களுக்கு முன்பே தூத்தூரிலிருந்தும் சின்னத்துறையிலிருந்தும் வள்ளவிளையிலிருந்தும், கேரளக் கரையிலிருந்தும், படகுகள் ஆழ்கடலுக்குப் போய்விட்டன. சுறாவும் சூரையும் தேடிப் பல நூறு மைல் போகிறவர்கள் அவர்கள். வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவர்கள். கைப்பேசியோ கரையிலிருந்து சில மைல் தாண்டினால் ஊமை. படகிலுள்ள ஒலிக்கருவியும் குறிப்பிட்ட தொலைவுக்கு மேல் எட்டாது. ‘கடலுக்குப் போகாதீர்கள்’ என்ற அறிவிப்பு, முன்பே போய்விட்டவனுக்கு எந்த விதத்தில் உதவும்?

மாண்டவரும் காணாமற் போனவருமாக இரு மாநிலங்களிலும் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை நாம் இழந்தோம். எத்தனை பேர் கடலுக்குப் போனார்கள் என்ற கணக்கே யாரிடமும் சரியாக இல்லை; நாளுக்கொரு எண் சொன்னார்கள். தேடிப் போங்கள் என்று கேட்டு மீனவ மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு மறியல் செய்ய வேண்டியதாயிற்று. தம் படகிலேயே ஏறி, தம் உறவினரைத் தாமே தேடிப்போன மீனவர்களும் உண்டு.

உடல் கிடைத்த வீட்டில் ஒப்பாரி. கிடைக்காத வீட்டில் அதுகூட இல்லை. பொட்டை அழிப்பதா, வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் திண்ணையிலே உட்கார்ந்த பெண்களை எண்ணிப் பாருங்கள். ஏழாண்டுக் காலம் செய்தி இல்லாவிட்டால்தான் ஒருவர் இறந்தவராகக் கருதப்படுவார் என்பது சட்டம். அதுவரை அந்தக் குடும்பம் எதைத் தின்னும்? போராட்டக் குரல் எழுந்த பிறகுதான் அந்த ஏழாண்டுக் காத்திருப்பைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தார்கள்.

ஒக்கி என்ற பெயரை வைத்தது வங்காள தேசம். அதற்குப் பொருள் ‘கண்’. கண் என்று பெயர் கொண்ட புயல் நம் கண்ணைத் திறந்ததா?

ஓரளவு திறந்தது என்று ஒப்புக்கொள்வோம். 2019-இல் விண்கோள் வழியாகக் கடல் அறிக்கையைப் படகிலேயே பெறும் ‘ஜெமினி’ என்ற கருவியை வெளியிட்டார்கள். ஆனால் அது ஒருவழிச் செய்தி. கேட்கலாம், ‘காப்பாற்றுங்கள்’ என்று சொல்ல முடியாது. பிறகு இருவழியும் பேசும் கருவி வந்தது. 2024-இல் நாடெங்கும் ஒரு இலட்சம் படகுகளுக்கு அதைப் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. வரவேற்கிறோம்! ஆனால் தொடக்க விழாவோடு எண்ணிக்கை முடிந்துவிடக் கூடாது. எந்தத் துறையில் எத்தனை படகுக்குப் பொருத்தினார்கள், பொருத்தியவற்றில் எத்தனை வேலை செய்கின்றன என்று கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை.

வயிற்றின் எச்சரிக்கை

இனி மூன்றாவது கேள்வி. செய்தி எட்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அவன் நின்றுவிடுவானா?

படகுத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிடித்த மீனை விற்று, டீசலுக்கும் ஐஸுக்கும் கழித்து, படகுக்காரர் பங்கு போக மிஞ்சுவதில்தான் அவன் பங்கு. கடலுக்குப் போகாத நாள் அவனுக்குக் கூலியில்லாத நாள். பாதி வழியில் திரும்பினால் டீசல் போன செலவு தலைமேல் கடனாக ஏறும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடுத்தடுத்து எச்சரிக்கை வரும். சிலவற்றில் புயல் திசைமாறிப் போய்விடும். இரண்டு தடவை கரையில் நின்று பட்டினி கிடந்தவன் மூன்றாம் தடவை என்ன செய்வான்? ‘கடல் கொன்றால் ஒரு நாள் சாவு, பசி கொன்றால் தினம் சாவு’ என்று சொல்லிக்கொண்டு படகைத் தள்ளுவான். அதை அவனுடைய அலட்சியம் என்று கலெக்டர் அலுவலகத்து மேசையிலிருந்து எழுதிவிடலாம். அடுப்பங்கரையிலிருந்து பார்த்தால் அந்தச் சொல் பொருந்தாது.

மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று சொல்லி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அறுபத்தொரு நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை இருக்கிறது. அது நியாயமான தடை. அந்த நாட்களுக்கு அரசு நிவாரணமும் கொடுக்கிறது. மீன் குறையும் மழைக்காலத்துக்கென்றும் ஒரு தொகை உண்டு. ஆனால் எச்சரிக்கை பத்து நாள் வந்தாலும் முப்பது நாள் வந்தாலும் தொகை ஒன்றுதான். மீனின் குஞ்சைக் காப்பதற்காகக் கரையில் நின்றவனுக்கு நாள் கணக்குப் பார்க்கிறோம். தன் உயிரைக் காப்பதற்காக, சர்க்கார் சொல்லைக் கேட்டுக் கரையில் நின்றவனுக்கு நாள் கணக்கு வேண்டாமா?

நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். வானிலை எச்சரிக்கையால் தொழில் இழந்த மீனவக் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்கக் கேரள அரசு 2021-இல் முடிவு செய்தது. அண்டை வீட்டில் முடிந்தது நம் வீட்டில் முடியாதா? எச்சரிக்கை விடுத்த நாளெல்லாம் கூலியுள்ள நாளாகட்டும். அப்போது கூண்டு ஏறியதும் படகு தானாகவே கரையேறும். யாரும் தடியெடுத்து மிரட்ட வேண்டியதில்லை.

நமது கடமை

எல்லாவற்றையும் சர்க்கார் தலையில் சுமத்திவிட்டு நாம் கைகட்டி நிற்கவும் கூடாது. வங்காள தேசத்தின் அந்தத் தொண்டர்கள் விண்ணிலிருந்து குதித்தவர்களல்லர். நம்மைப் போல் பகலில் உழைத்துவிட்டு மாலையில் ஊர் வேலை பார்ப்பவர்கள். அவர்களால் முடிந்தது நம் தோழர்களால் முடியாதா?

கடற்கரை ஊர்களிலுள்ள ஒவ்வொரு மன்றத்தின் வாசலிலும் கரும்பலகை இருக்கிறது. கூட்டத்துக்கு அழைப்பு எழுதும் அதே பலகையில், ஐப்பசி முதல் மார்கழி வரை, தினமும் காலையில் கடல் அறிக்கையை எழுதி வையுங்கள்: காற்றின் வேகம் எவ்வளவு, அலை எத்தனை மீட்டர், எந்தக் கடலுக்குப் போகக் கூடாது. பக்கத்தில் நின்று, எழுத்தறியாதவர்க்கு அதைப் படித்துச் சொல்லுங்கள். எண்ணின் பொருளையும் சொல்லுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்தப் படகு எப்போது போயிற்று, அதில் எத்தனை பேர், வெளிமாநிலத்திலிருந்து வந்து வேலை செய்பவர் உண்டா, எத்தனை நாளுக்கு அரிசியும் டீசலும் கொண்டுபோனார்கள் என்று குறித்து வையுங்கள். ஒக்கியின்போது அந்த நோட்டு இருந்திருந்தால் தேடுதலுக்குத் திசையும் இருந்திருக்கும், கணக்கும் இருந்திருக்கும். படகுக்காரரிடம் இருவழிக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மனு எழுதிக் கொடுங்கள். புகலிடக் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று புயல் வந்த பிறகு தேடாமல் இன்றே தெரிந்து வையுங்கள்.

கடலோரத்தில் இல்லாத தோழர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆலைத் தொழிலாளி மழைநாளில் வேலைக்குப் போனால் இயந்திரத்துக்குக் கூரை உண்டு. தலைக்கும் கூரை உண்டு. கடல் தொழிலாளிக்கு வானமே கூரை. பட்டறையில் விபத்து நேர்ந்தால் நாம் விடுவோமா? காவல் ஏற்பாடு எங்கே என்று கேட்டுச் சங்கம் கூட்டுவோம். கடலும் ஒரு பட்டறைதான். அங்கே நேரும் சாவும் தொழிலில் நேரும் சாவுதான். அதற்கும் நாம்தான் குரல் கொடுக்க வேண்டும்.

வரும் ஐப்பசியிலும் அந்த மூன்று வரிச் செய்தி வரத்தான் போகிறது. அப்போது பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். படகில் இருப்பவனுக்குச் சொன்னீர்களா, கரையில் நின்றவனுக்குக் கூலி கொடுத்தீர்களா என்று கேளுங்கள். ‘ஆம்’ என்ற பதில் வருகிற வரையில் கேட்டுக்கொண்டே இருங்கள். கூண்டு ஏறுவதோடு வேலை முடிந்துவிடாது. போனவன் வீடு திரும்பியபிறகே முடியும்.